அப்பாவுக்கு செட்டர் கிடையாது

செத்துப்போனவர்களை இனி யாராலும் மாற்ற முடியாதபடி செய்தவன் என்று நிதிலனுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவனே தனக்கு வைத்துக்கொண்டான் என்பது வேறு விஷயம். அலுவலகத்தின் ஆண்டு விழாவானாலும் சரி, அடுக்ககச் சங்கத்தின் தண்ணீர் லாரிக் கூட்டமானாலும் சரி, பேச்சு எங்கே தொடங்கினாலும் அதை இழுத்துக்கொண்டு வந்து இந்த இடத்தில் கட்டிவிடுவான்.

விஷயம் இதுதான். அந்த வருஷங்களில் ஆட்கள் சாவதற்கு முன் சில மாதங்கள் தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நினைவுகளெல்லாம் ஒன்றுவிடாமல் இறங்கிவிடும். ஆள் போன பிறகு கூடத்துச் சுவரோரம் அவரைப் போலவே ஒளியில் ஓர் உருவம் நிற்கும். பேசும், கோபித்துக்கொள்ளும், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும். அதற்குச் சாயல் என்று பெயர். சாயலை இயக்குகிற மூல நிரலை எங்கோ ஒரு குளிர் நாட்டில் யாரோ எழுதிவைத்தார்கள். நம் ஊர் மென்பொருள்கள் அதனோடு பேச வேண்டுமானால் நடுவில் ஒரு பைண்டிங் வேண்டும். அங்கே இருப்பதை இங்கே வாங்கித் தருகிற துபாஷி வேலை. சோழிங்கநல்லூரில் அந்தத் துபாஷி வேலைக்கான லைப்ரரியை, அதாவது யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பை, எழுதியவன்தான் நிதிலன்.

முதல் பதிப்பில் சாயலுக்கு இரண்டு வகைக் கதவுகள் இருந்தன. கெட்டர் என்பது உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டும் கதவு. செட்டர் என்பது உள்ளே இருப்பதை மாற்றிவைக்கும் கதவு. மாற்றுகிற கதவைத் திறந்துவைத்தால் நம் மக்கள் சும்மா இருப்பார்களா? வாழ்நாளெல்லாம் வெங்காயம்கூடத் தொடாத ஒரு பெரியவரின் சாயல், பேரன் நடத்தும் பிரியாணிக் கடை வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூவியது. ஒரு கவுன்சிலர் செத்த பிறகு மூன்று முறை கட்சி மாறினார். உயிரோடு இருந்தபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தார் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலு பிள்ளைகள் இருந்த வீட்டில் நாலு பேருக்கும் தனித்தனியாக, நீதான் எனக்குச் செல்லம் என்று அம்மா சொன்னாள்.

கடைசியில் சட்டம் வந்தது. சாயலை மாற்றக் கூடாது. மாற்ற முடியாத சாயல் சொல்வது கோர்ட்டில் சாட்சியாகச் செல்லும். நிதிலன் ஒரே வாரத்தில் எல்லா செட்டர்களையும் பிடுங்கி எறிந்தான். இனி சாயல் மாறாப் பொருள். பார்க்கலாம், கேட்கலாம், தொட முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் மாற்றிய நகல் ஒன்று புதிதாக வரும். அசல் அசையாமல் அப்படியே நிற்கும். நகலின் நெற்றியில் ‘நகல்’ என்று சிவப்பில் மின்னும். இதைச் சொல்லும்போது நிதிலனின் குரல் கோயில் மணி அடித்த மாதிரி இருக்கும்.

இனி பிரேம்குமாரிடம் வருவோம். நிதிலனின் அப்பா. போன வருஷம் காலமானவர். பெரும்பாக்கம் ஃப்ளாட்டின் பதினோராம் மாடியில், ஃப்ரிட்ஜுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவே அவருடைய சாயல் நின்றது. அம்மா ஷர்மிளா அதனோடுதான் காலையில் காபி குடிப்பாள். எண்பதைத் தொட்டவள், ஒரு காலத்தில் அதே சோழிங்கநல்லூர்ச் சாலையில் ஒரு கம்பெனியில் ஜாவா எழுதியே கண்ணாடி போட்டுக்கொண்டவள். பிரேம்குமாரின் சாயல் கிரிக்கெட் பேசும், பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டும். மகள் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் இறுகிவிடும்.

“எனக்கு ஒரே பிள்ளைதான். நிதிலன்” என்று சொல்லும்.

மகள் யாழினி இருபத்தாறு வருஷங்களுக்கு முன் இனியவன் என்கிற வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டிருந்தாள். மனுஷன் செவ்வாய் கிரகத்தில் கத்தரிக்காய் போடுகிற காலம் அது. அந்தக் கத்தரிக்காயை யார் பறித்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குகிறவர்களும் இருந்த காலம். பிரேம்குமார் மகள் முகத்தில் விழிக்காமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது யாழினியின் மகள் மகிழுக்குக் கல்யாணம். தாலி கட்டும் முன் இரண்டு வீட்டுப் பெரியவர்களின் சாயல்களையும் மேடையில் வரிசையாக நிறுத்தி ஆசி வாங்குவது அப்போதைய வழக்கம். யாருடைய இடமாவது காலியாக இருந்தால் சம்பந்தி வீட்டில் கிசுகிசுப்பார்கள். பிரேம்குமாரை நிறுத்தினாலோ, காலில் விழுகிற பேத்தியைப் பார்த்து நீ யாரும்மா என்பார். அந்தப் பெண்ணுக்கு அதைவிட வேறு அவமானம் வேண்டாம்.

யாழினி இதற்காகவே அண்ணனின் அலுவலகம் தேடி வந்தாள். அதற்கு முன் அவள் வந்ததில்லை. கேன்டீனில் உட்கார்ந்து, வாங்கி வைத்த டீயைத் தொடாமல், நேராகவே கேட்டாள்.

“ஒரே ஒரு வார்த்தைண்ணா. நல்லா இரும்மான்னு சொன்னாப் போதும். நீதானே எழுதினது? உனக்குத் தெரியாமலா இருக்கும்?”

“அப்பாவுக்கு செட்டர் கிடையாது யாழு. எனக்குமே கிடையாது. அதுதான் டிசைனே.”

வேண்டுமானால் மாற்றிய நகல் எடுத்துத் தருவதாகப் பெரிய மனது பண்ணினான்.

“நெத்தியில நகல்னு எழுதின அப்பாவ மேடையில நிறுத்தணுமா?”

நிதிலன் அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தான். மாற்றாமல் இருப்பதுதான் போனவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்றான். இன்று தங்கைக்காக மாற்றினால் நாளை ஊருக்கே மாற்ற வேண்டிவரும் என்றான். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு உடன்பிறந்தவள் மட்டும் விலக்கா என்ன? யாழினி முழுவதையும் கேட்டுவிட்டு, அவர் உயிரோடு இருந்தபோதும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றாள்.

“நான் சொல்லாததா? எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அப்பா பிடிவாதம் உனக்குத் தெரியாதா?”

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிதிலன் அம்மாவைப் பார்க்கப் போனான். செருப்பைக் கழற்றும்போதே கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“யாரு, யாழுவா? சாப்பிட்டாளான்னு கேளு ஷர்மி.”

நிதிலன் ஒற்றைச் செருப்போடு நின்றான். நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் கண் கலங்கியிருக்கும். இவனுக்கு முதலில் தோன்றியது, நிரலில் எங்கேயோ பக் இருக்கிறது, பிழை புகுந்துவிட்டது என்பதுதான். மாறாப் பொருள் மாறியிருக்கிறது. அவன் கட்டிய கோட்டைக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். அப்பாவின் நெற்றியை உற்றுப் பார்த்தான். சிவப்பு எதுவும் மின்னவில்லை. அசலேதான். அம்மா அடுப்படியில் அடை வார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி, எண்ணெய் விடட்டுமா, நெய் விடட்டுமா என்று கேட்டாள். அவன் எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. செட்டர் ஒன்றுகூட இல்லை, அது உண்மை. ஆனால் நினைவுகளை எடுத்துக் காட்டும் கெட்டர் ஒன்று இருந்தது. அது நினைவுகளின் பிரதியைத் தர வேண்டும். பிரதியில் என்ன கிறுக்கினாலும் அசலுக்கு ஒன்றும் ஆகாது. இதுவோ அசல் நினைவுகளையே தூக்கிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தது. வாசலில் ஏழு பூட்டுப் போட்டுவிட்டு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டவனிடமெல்லாம் பீரோவையே தூக்கிக் கொடுத்த கதை. வாங்கியவன் உள்ளே கை வைத்தால் அசலே மாறும். நெற்றியில் முத்திரை விழாது, எங்கேயும் பதிவாகாது.

இதை எழுதின மடையன் யாரென்று பார்த்தான். அவன் பெயர்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், ஒவ்வொரு கேள்விக்கும் பிரதி எடுப்பதால் சாயல்கள் பதில் சொல்லத் திணறுகின்றன என்று புகார் வந்தது. உயிரோடு இருந்தபோது பதில் சொல்லவே சொல்லாத ஆட்கள் செத்த பிறகு உடனே சொல்ல வேண்டும் என்பது மக்களின் எதிர்பார்ப்பு. நிறுவனத்தின் முதலாளி ஆதவ் வேகம் வேண்டும் என்றார். நிதிலன் பிரதி எடுக்கும் அந்த ஒரு வரியை நீக்கினான். யார் போய் உள்ளே கை வைக்கப் போகிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

யாழினிக்கு நிரல் தெரியாது. மீதி இருப்பது ஒரே ஆள். மறுநாள் அம்மாவின் முன்னால் போய் நின்றான். அவள் மறைக்கவே இல்லை.

“உன் லைப்ரரிய இறக்கிப் பாத்தேன்டா. ஷோக்காதான் எழுதியிருக்க. அந்த கெட்டரப் பாத்ததும் சிரிப்பு வந்திடுச்சு. எங்க காலத்துல இன்டர்வியூல முதல் கேள்வியே இதுதான். இதுக்கு பதில் தெரியலன்னா வாசலோட அனுப்பிடுவாங்க.”

நிதிலனுக்குக் காது சுட்டது. சட்டப்படி குற்றம் என்றான். அப்பாவைப் பொய் பேச வைத்துவிட்டாயே என்றான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் பொய் எதையும் உள்ளே வைக்கவில்லை, ஒன்றே ஒன்றை வெளியே எடுத்தேன் என்றாள். ஒரே ஒரு சாயங்காலம். அதை எடுத்ததும் அதற்குப் பிறகு வந்த வீம்பெல்லாம் பிடிமானம் இல்லாமல் தானாகவே உதிர்ந்துவிட்டதாம். கீழே, அதற்கு முந்தின நாள்வரை இருந்த மனுஷன் அப்படியே இருந்தாராம்.

“எந்தச் சாயங்காலம்?”

“உனக்கு ஞாபகம் இல்லையா?”

அவள் அந்தக் காலத்து ஆள். காப்புப் பிரதி எடுத்துவைக்காமல் எதையும் தொட மாட்டாள். எடுத்த நினைவைத் தனியாக வைத்திருந்தாள். அதை ஓட்டிக் காட்டினாள்.

இதே கூடம். அப்பாவின் கண் வழியே தெரிந்தது. யாழினி கல்யாணம் முடிந்து முதல் முறையாக வீட்டுக்கு வரப் போவதாகச் சொல்லியிருந்த நாள். அப்பாவின் கையில் ஒரு புடவைப் பெட்டி. அவர் குரலில் தடுமாற்றம். என்ன இருந்தாலும் நம்ம பொண்ணுதானே என்கிறார். எதிரே இருபத்தாறு வயது நிதிலன், இஸ்திரி போட்ட சட்டையில்.

“அவ இந்த வீட்டுக்குள்ள கால வச்சா நான் வெளிய போயிடுவேன்ப்பா. நாளைக்கு என்னைப் பொண்ணு வீட்டுக்காரங்க பாக்க வராங்க. அவளா நானான்னு இப்பவே சொல்லிடுங்க.”

பிறகு அப்பாவின் கை புடவைப் பெட்டியை மூடுகிறது. எனக்கு ஒரே பிள்ளைதான் என்று சொல்கிறார். வாசல் பக்கம் லிஃப்ட் வந்து நிற்கும் மணிச் சத்தத்தோடு அந்த நினைவு முடிந்தது.

“நான் இப்படிச் சொல்லவே இல்லையேம்மா” என்றான் நிதிலன்.

அவன் நடிக்கவில்லை. அதுதான் கொடுமை. இத்தனை வருஷமாக, அப்பாவோடு தங்கைக்காகப் போராடித் தோற்ற அண்ணன் என்றே அவன் தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்தான். எந்த லைப்ரரியும் இல்லாமல், எந்த ஓட்டையும் தேவைப்படாமல், தன் தலைக்குள் தானே கை விட்டு மாற்றிக்கொண்டிருந்தான். நாளைக்குப் பார்க்க வருவதாகச் சொன்ன பெண் வீட்டார்கூட வரவில்லை. வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கேட்டவர்களிடம் கொள்கை என்றான்.

அம்மா திட்டவில்லை. உயிரோடு இருக்கும்வரை அவருக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம் என்று ஆகிவிட்டது, உன்னையும் விட அவருக்குத் தைரியம் இல்லை, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னாள். காப்பு எடுத்த நினைவை அவன் கையில் கொடுத்தாள். திரும்ப உள்ளே வைப்பதானால் வைத்துக்கொள், உன் டிசைன், உன் இஷ்டம் என்றாள்.

நிதிலன் ஆதவிடம் போய் ஓட்டையைச் சொன்னான். ஆதவ் அவனைவிட வயதில் சின்னவர், முதலாளி என்பதால் மட்டும் பெரியவர். முழுவதையும் கேட்டுக்கொண்டு, எத்தனை சாயல்களில் கை வைத்திருப்பார்கள் என்று கேட்டார். தெரியாது, தெரியவும் வழியில்லை, பழைய பிரதிகள் எங்கேயும் இல்லை என்றான் நிதிலன். கோர்ட்டில் சாட்சி சொன்ன சாயல்களும் அதில் இருக்கலாம் என்றான். ஆதவ் ஏசியைக் கூட்டிவைத்தார்.

“சார், நாம மக்களுக்கு என்ன சொன்னோம்? மாறாதுன்னு சொன்னோம். வெள்ளிக்கிழமை அடைச்சுடுங்க. அதுக்கப்புறம் மாறாது. சொன்ன சொல் காப்பாத்தினதா ஆயிடும்.”

அப்படியானால் பொய்யெல்லாம் அப்படியே உறைந்துவிடுமே, மெய்யென்று முத்திரையும் விழுந்துவிடுமே என்று நிதிலன் இழுத்தான். சாயல்கள் இனி கொஞ்சம் மெதுவாகப் பேசும் என்பதுதான் ஆதவின் கவலை. பிறகு அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பெரியவர்கள் யோசித்துப் பேசினால் மரியாதையாகத்தான் இருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய ஒரு நல்ல நாளும் குறித்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் நிதிலன் தன் மேசையில் உட்கார்ந்தான். நீக்கிய வரியைத் திரும்ப எழுதிவிட்டான். பதிப்பை வெளியே அனுப்புகிற பொத்தான் மட்டும் பாக்கி. அதை அழுத்தினால் ஊரில் உள்ள எல்லாச் சாயல்களும், அப்பாவும், அந்த நிமிஷத்தில் எப்படி இருக்கிறார்களோ அப்படியே என்றைக்கும் இருப்பார்கள். உண்மையை மதிக்கிறவனாக இருந்தால் அந்தச் சாயங்காலத்தை உள்ளே திரும்ப வைக்க வேண்டும். அப்போது மகிழைப் பார்த்து அப்பா நீ யாரும்மா என்பார். தங்கையை மதிக்கிறவனாக இருந்தால் வெளியிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்று. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நிதிலன் சுற்றுமுற்றும் பார்த்தான். தன் சொந்த ஓட்டைக்குள் கடைசியாக ஒருமுறை கையை விட்டான். பிறகு பொத்தானை அழுத்திவிட்டு, அவனும் சாப்பிடப் போனான்.

கல்யாணம் மேடவாக்கம் பக்கம் ஒரு மண்டபத்தில். மேடையில் சாயல்கள் வரிசையாக நின்றன. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, வாழ்ந்த காலத்தில் தான் போன கல்யாணம் ஒவ்வொன்றிலும் சண்டை மூட்டியவள் என்று பெயர் எடுத்தவள், பந்தி ஏற்பாடே பிரமாதம் என்று சம்பந்தி வீட்டைப் புகழ்ந்தாள். பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கே வராத ஒரு தாத்தா, பெண்கள்தான் வீட்டுக்கு வெளிச்சம் என்றார். அவருடைய மகள்கள் கீழே உட்கார்ந்து தலையாட்டினார்கள். உயிரோடு இருந்தபோது இதில் ஒருத்தர்கூட இப்படி இல்லை. ஊரில் நிரல் தெரிந்த பிள்ளைகளெல்லாம் அவன் கெட்டர் வழியே புகுந்து, தங்கள் வீட்டுப் பெரியவர்களை மனுஷர்களாக்கி வைத்திருந்தார்கள்.

மகிழ் பிரேம்குமாரின் முன்னால் விழுந்து வணங்கினாள். புதிய பதிப்பு, பதில் வரக் கொஞ்சம் நேரமானது. யாழினி முந்தானை நுனியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நல்லா இரும்மா” என்றார் பிரேம்குமார். “அப்படியே உங்கம்மா மாதிரி இருக்க.”

யாழினி அழுதுவிட்டாள். அம்மா ஷர்மிளா அவள் முதுகைத் தடவினாள். நாதஸ்வரக்காரர்கள்கூட ஒரு நிமிஷம் ஊதாமல் பார்த்தார்கள். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அப்பாவுக்குச் சொல்ல இன்னும் இருந்தது.

“இதுக்கெல்லாம் உன் மாமாவுக்குத்தான்மா நன்றி சொல்லணும். அன்னிக்கு நான் வீம்பா நின்னேன். இவன்தான் குறுக்க விழுந்து, அவ வீட்டுக்குள்ள வரலன்னா நான் வெளிய போயிடுவேன்ப்பான்னு சண்டை போட்டான். அந்த மாதிரி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?”

கூட்டம் கை தட்டியது. மாப்பிள்ளையின் அப்பா வந்து நிதிலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிதிலன் அடக்கமாகச் சிரிக்க முயன்றான். அந்தச் சாயங்காலத்தை அவன் திரும்ப உள்ளே வைத்திருந்தான்தான். தன் வாய் வார்த்தையை மட்டும் திருப்பிப் போட்டு, அப்பாவின் மனதை அதற்கேற்ப இளக்கிவைத்திருந்தான். ஒரு நிமிஷ வேலை. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருந்தான்.

அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பந்திக்குப் போகும் வழியில் யாழினி அவன் பக்கத்தில் வந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள். குரலில் கோபம் இல்லை.

“அன்னிக்கு நான் வாசல் வரைக்கும் வந்துட்டேன் அண்ணா. நீ பேசினது கேட்டுச்சு. திரும்பிப் போகலாம்னு பாத்தா லிஃப்ட் வர ரொம்ப நேரமாச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். அவனுக்கும் ஒரு இலை போடச் சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

நிதிலன் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளிருந்து அவனையே பார்த்தது. இனி மகிழின் சீமந்தம் வரும், குழந்தைக்குப் பெயர் வைப்பார்கள், காது குத்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் யாழினி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மேடைப் பக்கம் அப்பாவின் குரல் எழும்பியது. மாப்பிள்ளையின் சித்தப்பா கையைப் பிடிக்காத குறையாக, எம் மகன் நிதிலன் இருக்கானே என்று முதலிலிருந்து தொடங்கினார். அதைச் சொல்லாதீர்கள் என்று அவருக்குள் எழுதிவைக்க ஊரில் ஒருத்தராலும் முடியாது. அப்பாவுக்கு செட்டர் கிடையாது.